சூடான காற்றும் லேசான வாயுவும் ஏன் மேலே போகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடான காற்று லேசு, அதனால் மேலே போகிறது. இதில் கேட்க என்ன இருக்கிறது?

லேசாக இருந்தால் மெதுவாகக் கீழே விழ வேண்டும், அவ்வளவுதானே? இறகு லேசுதான், அது ஒன்றும் தானாக வானத்துக்குப் போவதில்லை. பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவுக்கும் எடை உண்டு, பூமி அதையும் கீழேதான் இழுக்கிறது. கீழே இழுபடும் ஒன்று மேலே போகிறது என்றால் அதை ஏதோ ஒன்று தள்ளியாக வேண்டும். தள்ளுவது சுற்றியிருக்கும் காற்று. பள்ளிப் பாடத்தில் "அடர்த்தி குறைவு, ஆகவே மேலெழும்பும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த "ஆகவே"வை யாரும் பிரித்துச் சொல்வதில்லை, நமக்கும் பரீட்சை எழுதி முடித்தால் போதும் என்று இருந்துவிடுகிறது.

காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே அழுத்துகிறது? அப்புறம் எப்படி மேலே மட்டும் தள்ளும்?

கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஆனால் முழுக்க அப்படி இல்லை. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. கடல்மட்டத்தில் மொத்த அழுத்தம் சராசரியாக 1,01,325 பாஸ்கல். ஒவ்வொரு மீட்டர் ஏறும்போதும் அதில் சுமார் 12 பாஸ்கல் குறையும். அற்பத் தொகைதான். ஆனாலும் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டால், அதன் அடிப்பக்கத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை, மேல்பக்கத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையைவிட 12 நியூட்டன் கூடுதலாக இருக்கும். அதாவது 1.2 கிலோவைத் தாங்கும் அளவு விசை. அந்தப் பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்திருக்க வேண்டிய காற்றின் எடையும் அதே 1.2 கிலோ. ஆர்க்கிமிடீஸ் தண்ணீரை வைத்துச் சொன்னது இதைத்தான். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனமே தெரியாமல், வெளியே வந்ததும் தோளைப் பிடித்து இழுக்கிறதே, அதே கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளிக்காற்று பார்ப்பதே இல்லை. ஹீலியம் பலூனை எவ்வளவு விசையோடு தள்ளுகிறதோ, அதே கன அளவுள்ள கருங்கல்லையும் அதே விசையோடுதான் தள்ளுகிறது. கல்லுக்கு அது போதவில்லை.

சூடானால் காற்று ஏன் லேசாகிறது? எடை எங்கே போகிறது?

வெளியே போகிறது, வேறெங்கும் இல்லை. சூடானதும் மூலக்கூறுகள் வேகமாக ஓடி வேகமாக மோதும். சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைச் சமாளிக்க முன்பைவிடக் குறைவான மூலக்கூறுகளே போதும், மிச்சம் விலகிப் போய்விடும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ, 100 டிகிரியில் சுமார் 950 கிராம். விலகிப் போக வழியில்லை என்றால் இது நடக்காது. காற்றுப் புகாமல் மூடிய எவர்சில்வர் டப்பாவை அடுப்பில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுமே தவிர, காற்றின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. வெப்பக் காற்று பலூனின் அடிவாய் திறந்தே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சூடேறும்போது பழைய காற்று அந்த வழியாகத்தான் வழிந்து வெளியேறுகிறது.

சூடான மூலக்கூறுக்கு ஆற்றல் அதிகம், அதனால் அது மேலே ஏறுகிறது என்று எங்கோ படித்தேனே?

இணையத்தில் நிறைய இடத்தில் அப்படித்தான் இருக்கிறது. அது தவறு. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு மூலக்கூறு சுமார் 70 நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றின் மேல் மோதி வேறு திசைக்குத் திரும்பிவிடும். இது வினாடிக்குச் சில நூறு கோடி தடவை நடக்கிறது. எது மேல், எது கீழ் என்று அந்த மூலக்கூறுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஏறுவது தனி மூலக்கூறு அல்ல, கோடிக்கணக்கானவை சேர்ந்த ஒரு மொத்தைக் காற்று. "வெப்பம் மேலே போகும்" என்பதும் இதே ரகம்தான். ஒரு இரும்புக் கம்பியின் நடுவில் சூடு காட்டினால் வெப்பம் கீழ் முனைக்கும் போகும், மேல் முனைக்கும் போகும். மேலே போவது சூடான காற்று, வெப்பம் அல்ல.

சரி, ஹீலியம் சூடாக இல்லையே. அது எப்படி?

ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம் என்றால் எந்த வாயுவாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆகவே ஒரு மூலக்கூறு எவ்வளவு கனம் என்று பார்த்தால் போதும். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால், காற்று மூலக்கூறின் சராசரி 29. ஹைட்ரஜன் 2, ஹீலியம் 4, மீத்தேன் 16, அம்மோனியா 17, நீராவி 18. இவை காற்றைவிட லேசு. கார்பன் டை ஆக்சைடு 44, புரொப்பேன் 44, பியூட்டேன் 58, குளோரின் 71. இவை கனம். கார்பன் மோனாக்சைடு 28, அதாவது காற்றோடு காற்றாகக் கலந்து நிற்கும். மேலேயும் தேங்காது, கீழேயும் தேங்காது.

ஹைட்ரஜன் ஹீலியத்தில் பாதி எடைதான். அப்படியானால் இரண்டு மடங்கு தூக்குமா?

தூக்காது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1,165 கிராம். அதே இடத்தில் ஹீலியம் சுமார் 160 கிராம், ஹைட்ரஜன் சுமார் 80 கிராம். காற்றின் எடையிலிருந்து கழித்துப் பாருங்கள்: ஹீலியம் தூக்குவது 1,005 கிராம், ஹைட்ரஜன் தூக்குவது 1,085 கிராம். வித்தியாசம் 8 சதவீதம்தான். தூக்குகிற வேலை காற்றுடையது, உள்ளே இருக்கும் வாயு அதற்கு எவ்வளவு குறைவாகத் தொந்தரவு கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்த ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் சுமார் 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன் இருந்தது. 36 பேர் இறந்தார்கள். கொஞ்சம் குறைவாகத் தூக்கும், ஆனால் தீப்பிடிக்காத ஹீலியம் அன்றைக்கு அமெரிக்காவிடம் இருந்தது, வெளிநாட்டுக்கு விற்கச் சட்டம் தடுத்தது. திருவிழாக்களில் விற்கும் கேஸ் பலூன்களில் சிலது இன்றும் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சேர்த்துத் தயாரித்த ஹைட்ரஜன்தான். பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அந்தப் பலூன் கொத்தைக் கட்டாதீர்கள்.

அப்படிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத வெற்றிடம்தானே எல்லாவற்றையும்விட லேசு?

நல்ல கேள்வி, 1670-லேயே இத்தாலியப் பாதிரியார் லானா டி டெர்சி இதைக் கேட்டிருக்கிறார். மெல்லிய செம்புக் கோளங்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவற்றைக் கட்டிய படகைப் பறக்கவிடலாம் என்பது அவர் யோசனை. தத்துவம் சரி. ஆனால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் வெளிக்காற்று 10 டன் அளவுக்கு அழுத்தும், எதிர்த்துத் தள்ள உள்ளே எதுவும் இல்லை. நசுங்காத அளவுக்குத் தகட்டைத் தடிமனாக்கினால் அதன் எடையே மேலே போக விடாது. கணக்கைப் பாருங்கள்: ஹைட்ரஜனையும் எடுத்துவிட்டு வெற்றிடமாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது கன மீட்டருக்கு 80 கிராம். அந்த 80 கிராமுக்காக இவ்வளவு பாடு தேவையா?

பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் ஏன் விடியற்காலையிலேயே பறக்கவிடுகிறார்கள்?

காற்று அமைதியாக இருக்கும் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம், குளிர்ந்த காற்று அதிகம் தூக்கும். 2,500 கன மீட்டர் பலூன் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 95 டிகிரி. வெளியே 20 டிகிரி இருந்தால் சுமார் 610 கிலோ தூக்கும். துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வெளியே 35 டிகிரி ஆகிவிட்டால் அதே பலூன் சுமார் 470 கிலோதான் தூக்கும். இரண்டு பேரை இறக்கிவிட வேண்டியதுதான். உள்ளே இன்னும் சூடேற்றலாமே என்றால் துணி தாங்காது.

1783-இல் முதல் வெப்பக் காற்று பலூன் செய்த பிரான்ஸின் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் தூக்குவது சூடு என்று நினைக்கவில்லை. புகையில்தான் ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்பி, ஈர வைக்கோலையும் கம்பளியையும் போட்டுக் கண்ணெரியப் புகை மூட்டினார்கள். விளக்கம் தப்பு, பலூன் பறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வெர்சாயில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றும் அதில் போய்ப் பத்திரமாக இறங்கின, நவம்பர் 21 அன்று மனிதர்கள்.

சூடான காற்று மேலே போகும் என்றால் ஊட்டி ஏன் குளிர்கிறது?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் விடை தெரியும் என்று நினைப்பவர்களையும் ஒரு நிமிடம் நிறுத்திவிடும். வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது மிகவும் குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே போகும்போது வெளி அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதற்கான வேலையைத் தன் வெப்பத்திலிருந்து எடுத்துச் செய்கிறது, அதனால் குளிர்கிறது. நீராவி துளியாக மாறாதவரை காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம். கீழே 35 டிகிரியில் இருந்த காற்றை அப்படியே ஊட்டி உயரத்துக்குக் கொண்டுபோனால், வழியில் யாரும் குளிரூட்டாமலேயே 16, 17 டிகிரிக்கு வந்துவிடும். சூடான காற்று ஊட்டிக்குப் போகாமல் இல்லை, சூடாகப் போய்ச் சேர்வதில்லை.

வானிலை அறிக்கையில் வரும் "வெப்பச்சலனம் காரணமாக மழை" என்பதும் இதுதானா?

இதேதான், கூட ஒரு சேர்மானம் உண்டு. சாதாரணமாகச் சுற்றுப்புறக் காற்று கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது, ஏறும் காற்று 10 டிகிரி குறைகிறது. ஆகவே ஏறும் காற்று சீக்கிரமே சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துபோய் நின்றுவிட வேண்டும். பெரும்பாலான நாட்களில் நின்றும்விடுகிறது. ஆனால் ஏப்ரல், மே மதியத்தில் தரை காய்ந்து கொதிக்க, அதோடு கடலிலிருந்து ஈரமும் வந்து சேர்ந்தால் கதை மாறும். ஏறும் காற்றிலுள்ள நீராவி மேகத் துளியாக மாறும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வெப்பம் காற்றைச் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவே வைத்திருக்க, அது மேலும் ஏறி, இன்னும் நீராவி துளியாகி, 15 கிலோமீட்டர் உயரம்வரைகூட இடிமேகமாக எழும்பும். மதியம் பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டே உயர்கிறதே, அது நிற்பதும் இப்படி ஏறும் காற்றின் மேல்தான்; மேகம் வருவதற்கு முன்பே அதற்குத் தகவல் வந்துவிடுகிறது.

ஈரக் காற்று கனமாகத்தானே இருக்கிறது? புழுக்கத்தில் மூச்சே முட்டுகிறதே?

புழுக்கம் என்பது வியர்வை காயாத அவஸ்தை, காற்றின் எடை அல்ல. நீராவி 18, காற்று 29. நீராவி சேரச் சேரக் காற்று லேசாகிறது.

போகியன்று புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்பது ஏன்?

ஜனவரி விடியற்காலையில் தரை இரவெல்லாம் வெப்பத்தை இழந்து குளிர்ந்திருக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், அதற்கு மேல் இருக்கும் காற்று கொஞ்சம் சூடாகவே இருக்கும். வழக்கத்துக்கு நேர் தலைகீழ். டயரும் பாயும் எரியும்போது கிளம்பும் புகை சூடாகத்தான் ஏறுகிறது, ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றோடு கலந்து சீக்கிரம் ஆறி, தன்னைவிடச் சூடான அடுக்கில் முட்டி நின்றுவிடும். அப்புறம் பக்கவாட்டில் பரவுவதுதான் வழி. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறியது இதனால்தான். எரிக்கிற நேரத்தை மதியத்துக்குத் தள்ளினால் புகை உயரப் போய்விடும் என்று ஒரு வாதம் உண்டு. போகும்தான், ஆனால் டயரை எரிக்காமல் இருப்பது இன்னும் எளிது.

சமையல் கேஸ் கசிந்தால் அது மேலே போகுமா, கீழே தங்குமா?

இதை மட்டும் மனப்பாடம் செய்தாலும் தவறில்லை. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிட நன்றாகவே கனம். கசிந்தால் தரையோடு படர்ந்து, சிலிண்டருக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில், கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறையில் என்று தாழ்வான இடமாகப் பார்த்துத் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தரைவரை திறக்கும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடவே கூடாது, சுவிட்சில் வரும் ஒரு பொறி போதும். எரிகிற விளக்கை அணைக்கவும் சுவிட்சைத் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். சில நகரங்களில் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், அது லேசு, கூரைப் பக்கம் சேரும். அதனால்தான் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை சிலிண்டர் வீட்டில் தரைக்குப் பக்கத்திலும் குழாய் கேஸ் வீட்டில் கூரைக்குப் பக்கத்திலும் மாட்டச் சொல்கிறார்கள்.

பாழுங்கிணறு, கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கும் இதுதான் காரணமா?

பெருமளவு. ஹைட்ரஜன் சல்பைடு 34, கார்பன் டை ஆக்சைடு 44, இரண்டும் குழிக்குள் தங்கும். மீத்தேன் லேசு என்றாலும் வாய் குறுகிய தொட்டியிலிருந்து சுலபமாக வெளியேறாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பக் கூடாது; ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுகிறார். இறங்காதீர்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கனமான வாயு கீழே தங்கும் என்றால் கார்பன் டை ஆக்சைடு எல்லாம் தரையில் படிந்து நம்மைக் கொன்றிருக்க வேண்டாமா?

ஒரே இடத்தில் திடீரென்று மொத்தமாக வந்தால் கொல்லும். 1986 ஆகஸ்ட் 21 இரவு ஆப்பிரிக்காவில், கேமரூனின் நியோஸ் ஏரி அடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாக வெளியேறிப் பள்ளத்தாக்கில் இறங்கியது. சுமார் 1,700 பேர் இறந்தார்கள். ஆனால் காற்றோடு ஒருமுறை கலந்துவிட்டால் அது தானாகப் பிரிந்து படியாது. காற்றோட்டம் ஓயாமல் கலக்கிக்கொண்டே இருப்பதால் தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரம்வரை நைட்ரஜன், ஆக்சிஜன் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பழைய ஃபிரிட்ஜ்களில் இருந்த, காற்றைவிடப் பலமடங்கு கனமான குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் அடுக்குவரை போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் வீடு சூடாக இருப்பது சூடான காற்று மேலே வருவதாலா?

பெரும்பாலும் இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க உங்கள் தலைக்கு மேல் அனலைக் கக்குகிறது, அவ்வளவுதான். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் டைல்ஸோ போட்டால் சூடு குறைவதே சாட்சி. ஆனால் பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் வைத்த வென்டிலேட்டர் வீண் வேலை அல்ல, கூரையடியில் சேரும் சூடான காற்று அது வழியாக வெளியேறும். அதை அட்டை வைத்து அடைத்துவிட்டு ஏசி வாங்குவது நம் காலத்து வழக்கம்.

மளிகைக் கடை ஐஸ்கிரீம் பெட்டியின் கதவு மேலே இருக்கிறதே, திறந்தால் குளிர் போய்விடாதா?

போகாது, அதற்காகத்தான் மேலே வைத்தார்கள். குளிர்ந்த காற்று கனம், பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு வெறுங்காலோடு நின்றால் குளிர் முதலில் பாதத்தில் தெரியும்.

எடையே தெரியாத விண்வெளி நிலையம் போன்ற இடத்தில் சூடான காற்று எங்கே போகும்?

எங்கேயும் போகாது. விண்வெளி நிலையத்தில் சுடர் நீண்டு எழாமல் உருண்டையாக, மங்கிய நீலத்தில் நிற்கும். தூங்கும் விண்வெளி வீரரின் முகத்துக்கு முன்னால் அவர் விட்ட மூச்சே தேங்கிவிடாமல் இருக்க மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கையை விட்டுப் போன பலூன் எவ்வளவு உயரம் போகும்?

ரப்பர் எப்போது கிழியும் என்பதைப் பொறுத்தது. மேலே வெளி அழுத்தம் குறையக் குறைய அது ஊதிக்கொண்டே போகும். வானிலைத் துறை மீனம்பாக்கத்திலிருந்து கருவி கட்டி விடும் பலூன் போன்றவை 30 கிலோமீட்டர் வாக்கில் வெடிக்கும். அங்கே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஒரு சதவீதம்தான்.

காற்றுதான் தள்ளுகிறது என்பதை வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

காரில் பாருங்கள். ஹீலியம் பலூனைப் பின்சீட்டில் நூலில் கட்டி, கூரையைத் தொடாமல் மிதக்க விட்டு, ஜன்னல்களை ஏற்றி, ஏசியையும் நிறுத்திவிடுங்கள். ஓட்டுபவர் வண்டியைச் சட்டென்று முன்னே எடுக்கட்டும். உங்கள் தலை பின்னால் சாயும், பலூன் முன்னால் போகும். வண்டிக்குள் இருக்கும் காற்றும் உங்களைப் போலவே பின்தங்கி, பின்பக்கம் கொஞ்சம் நெருக்கமாகிறது. பின்னால் அழுத்தம் கூடினால் பலூன் முன்னால்தான் தள்ளப்படும். பிரேக் அடித்தால் நீங்கள் முன்னால், பலூன் பின்னால். வளைவில் நீங்கள் வெளிப்பக்கம் சாய, அது உள்பக்கம் சாயும். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் எந்தப் பக்கம் போகும் என்று முதலில் பந்தயம் கட்டிவிட்டு அப்புறம் வண்டியை எடுங்கள்.